முன்பணம் கட்டி உண்பது ஆதாயமா? டிஸ்னி வேர்ல்ட் உணவுத் திட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

விடுமுறைக்குப் புறப்படும் குடும்பம் அறையைப் பதிவு செய்யும்போதே சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடலாமா, போன இடத்தில் பசித்தபோது பார்த்து வாங்கிக்கொள்ளலாமா என்ற கேள்வி பெரிய விடுதிகள் எல்லாவற்றிலும் எழுகிறது. பெரும்பாலோர் இதற்கு ஒரே வழியில் விடை தேடுகிறார்கள். திட்டத்தின் விலையை ஒரு பக்கம் எழுதி, அதைக் கொண்டு உண்ணக்கூடிய உணவுகளின் மெனு விலையை மறுபக்கம் எழுதிக் கழித்துப் பார்க்கிறார்கள். இந்த ஒப்பீடு அடிப்படையிலேயே பிழையானது என்பதும், சரியான ஒப்பீடு வேறொன்று என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரை ஒட்டியுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் விற்கப்படும் ‘டிஸ்னி டைனிங் பிளான்’ என்ற உணவுத் திட்டம். அதன் விலையும் விதிகளும் வெளிப்படையானவை. ஒரே இடத்தில் இரண்டு தரங்களில் விற்கப்படுவதால் ஒன்றை மற்றொன்றோடு கழித்துப் பார்க்கவும் முடிகிறது. கணக்குகள் அனைத்தும் 2024ஆம் ஆண்டு விலைகளின்படி அமைந்தவை. திட்டத்தின் விலையைத் தவிர, தனித்தனி உணவுகளுக்கு ஆங்காங்கே கொள்ளப்படும் தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட மதிப்புகள். விலைகள் ஆண்டுதோறும் மாறும். வாசகர் தம் பயண ஆண்டின் விலையை இட்டு அதே முறையில் கணக்குப் போடலாம்.

2. பின்புலம்

*2.1 அறையும் சாப்பாடும்*

அறை வாடகையோடு உணவைச் சேர்ப்பதா, பிரிப்பதா என்பது விடுதித் தொழிலின் பழைய வழக்கு. அறைக்கு மட்டும் வாடகை வாங்குவதை ஐரோப்பியத் திட்டம் என்றும், மூன்று வேளை உணவையும் சேர்த்து வாங்குவதை அமெரிக்கத் திட்டம் என்றும் சொல்வார்கள். ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளின் கட்டணப் பட்டியலில் இன்றும் காணப்படும் இ.பி., சி.பி., எம்.ஏ.பி., ஏ.பி. என்ற சுருக்கங்கள் அந்த வழக்கின் வாரிசுகள். சி.பி. என்றால் காலை உணவு மட்டும், எம்.ஏ.பி. என்றால் காலை உணவோடு இன்னொரு வேளை, ஏ.பி. என்றால் மூன்று வேளையும்.

ஐரோப்பாவில் இதை ஒரு விடுமுறை முறையாகவே வளர்த்தது கிளப் மெட். ஜெரார் பிளிட்ஸ் 1950இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் அதைத் தொடங்கினார். தங்கல், உணவு, விளையாட்டு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கின. மதுக்கூடச் செலவுக்கு மட்டும் விருந்தினர் கழுத்தில் அணிந்த மணிகள் நாணயமாகப் புழங்கின.

*2.2 கூப்பன் புத்தகம் முதல் கிரெடிட் வரை*

டிஸ்னியின் திட்டம் இந்த மரபிலிருந்து நேராக வரவில்லை. அதற்குச் சொந்தமாக இன்னொரு முன்னோடி உண்டு. கலிஃபோர்னியாவின் அனஹைமில் 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தில் நுழைவுக்கு ஒரு கட்டணமும் ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு கூப்பனும் இருந்தன. கூப்பன்கள் எழுத்துகளால் தரம் பிரிக்கப்பட்டிருந்தன. ‘ஏ’ எளிய சவாரிக்கு. 1959இல் சேர்ந்த ‘இ’ மிக விரும்பப்பட்ட சவாரிகளுக்கு. புத்தகமாக வாங்கியவர்களிடம் ‘இ’ முதலில் தீர்ந்துவிடும். ‘ஏ’, ‘பி’ மிஞ்சி வீட்டு மேசை அறைகளில் கிடக்கும்.

நுழைவுக்கு ஒரு விலை, பயன்பாட்டுக்கு வேறு விலை என்ற இந்த ஏற்பாட்டையே வால்டர் ஓய் என்ற பொருளியலாளர் 1971இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஆராய்ந்தது. டிஸ்னிலாந்தின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய அக்கட்டுரை, ஏகபோக விற்பனையாளர் இரு பகுதிக் கட்டணத்தின் மூலம் வாடிக்கையாளரின் உபரி நலனை எவ்வாறு தம் பக்கம் இழுக்கலாம் என்று காட்டியது. 1982இல் டிஸ்னி கூப்பன்களைக் கைவிட்டு, ஒரே நுழைவுச் சீட்டில் எல்லாச் சவாரியும் என்ற முறைக்கு மாறியது.

சவாரியில் ஒழிந்த கூப்பன் சாப்பாட்டில் மீண்டும் தலைகாட்டியது. 2005இல் அறிமுகமான உணவுத் திட்டம், ‘கிரெடிட்’ எனப்படும் தரம் பிரித்த உணவு உரிமைகளைக் கொண்டது. தொடக்கத்தில் மேசை உணவுக்கான கிரெடிட்டில் முன்னுணவும் டிப்ஸும் அடங்கியிருந்தன. 2008 முதல் இரண்டும் நீக்கப்பட்டன. 2018 முதல் 21 வயது நிரம்பியவர்கள் பானமாக மதுவையும் தேர்ந்தெடுக்கலாம் என்றாயிற்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பூங்காக்கள் மூடப்பட்டபோது நின்றுபோன திட்டம் 2024 ஜனவரி 9 அன்று திரும்பியது. இருபது ஆண்டுகளுக்குள் ஒரே பெயரில் உள்ளடக்கம் இத்தனை முறை மாறியிருப்பதால், முன்பு போய் வந்தவரின் ‘நல்ல லாபம்’ என்ற சொல்லை அப்படியே நம்பிப் பணம் கட்டுவது சரியாகாது.

3. திட்டத்தின் அமைப்பு

*3.1 இரண்டு தரங்கள்*

2024இல் இரண்டு திட்டங்கள் விற்கப்பட்டன.

(அ) குயிக் சர்வீஸ் திட்டம். கவுன்ட்டரில் வாங்கி உண்ணும் உணவு இரண்டு, நொறுக்குத் தீனி ஒன்று. 10 வயது நிரம்பியவருக்கு ஓர் இரவுக்கு 57.01 டாலர், 3 முதல் 9 வயது வரை 23.83 டாலர்.

(ஆ) பொதுத் திட்டம். கவுன்ட்டர் உணவு ஒன்று, பணியாளர் பரிமாறும் மேசை உணவு ஒன்று, நொறுக்குத் தீனி ஒன்று. பெரியவருக்கு 94.28 டாலர், சிறுவருக்கு 29.69 டாலர்.

இரண்டிலும் ஆளுக்கொரு குவளை உண்டு. தங்கும் நாட்கள் முழுவதும் விடுதி வளாகத்தில் குளிர்பானம், காபி, தேநீர் நிரப்பிக்கொள்ளலாம். பூங்காக்களுக்குள் அது செல்லாது. கவுன்ட்டர் கிரெடிட்டில் ஒரு முதன்மை உணவும் ஒரு பானமும் அடங்கும். மேசை கிரெடிட்டில் மதியமும் இரவும் முதன்மை உணவு, இனிப்பு, பானம் ஆகியவை அடங்கும். பஃபே என்றால் முழு பஃபேயும்.

*3.2 கட்டுப்படுத்தும் விதிகள்*

கணக்கைத் தீர்மானிப்பவை விலையைவிட விதிகளே.

முதலாவது, டிஸ்னி விடுதியில் அறை எடுத்து, அந்தத் தொகுப்போடு சேர்த்தே திட்டத்தை வாங்க முடியும். இரண்டாவது, அறையில் தங்கும் 3 வயது நிரம்பிய அனைவரும் ஒரே திட்டத்தை, தங்கும் எல்லா இரவுகளுக்கும் வாங்கியாக வேண்டும். ‘பிள்ளைக்கு மட்டும் போதும்’ என்று சொல்ல வழியில்லை. மூன்றாவது, கிரெடிட்டுகள் இரவுக் கணக்கில் வழங்கப்பட்டாலும் ஒரே தொகுப்பாகச் சேர்ந்துவிடும். ஒரு நாள் குறைத்து மறுநாள் கூட்டிச் செலவழிக்கலாம். நான்காவது, அறையைக் காலி செய்யும் நாளின் நள்ளிரவோடு எஞ்சிய கிரெடிட் காலாவதியாகும், பணம் திரும்பாது. ஐந்தாவது, சிறுவர் கட்டணம் கட்டியவர், சிறுவர் மெனு உள்ள இடத்தில் அதிலிருந்துதான் வாங்க வேண்டும்.

*3.3 சேராதவை*

முன்னுணவு சேராது. மேசை உணவுக்கான டிப்ஸ் சேராது; 18 முதல் 20 விழுக்காடு வரை கொடுப்பது அங்கே வழக்கம், ஆறு பேரோ அதற்கு மேலோ வந்தால் உணவகமே 18 விழுக்காட்டைச் சேர்த்துவிடும். டிப்ஸைப் பற்றி ஒரு நுட்பம் கவனிக்கப்படுவதில்லை. அது மெனு விலையின் மேல் கணக்கிடப்படுகிறது. திட்டம் இருக்கிறதே என்று விலை உயர்ந்த உணவைக் கேட்டால், உணவுக்குக் கூடுதல் பணம் போகாது, டிப்ஸுக்குப் போகும்.

4. கிரெடிட்டின் விலையைப் பிரித்தறிதல்

இரண்டு திட்டங்களும் அருகருகே இருப்பதால், ஒவ்வொரு கிரெடிட்டும் என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பதை எளிய கழித்தலால் அறியலாம்.

*4.1 பெரியவர்*

ஐந்து இரவுத் தங்கலை எடுத்துக்கொள்வோம். நொறுக்குத் தீனிக்கு 6 டாலர் எனக் கொள்வோம். குவளையின் விலை 20 டாலர் என்றால் ஓர் இரவுக்கு 4 டாலர். 57.01இலிருந்து இந்தப் பத்தைக் கழித்தால் எஞ்சும் 47.01 இரண்டு கவுன்ட்டர் உணவுகளின் விலை. ஒன்றுக்குச் சுமார் 23.50 டாலர்.

பொதுத் திட்டத்துக்கும் குயிக் சர்வீஸ் திட்டத்துக்கும் உள்ள வேறுபாடு 37.27 டாலர். ஒரு கவுன்ட்டர் உணவை மேசை உணவாக உயர்த்துவதற்கு டிஸ்னி வாங்கும் கூடுதல் தொகை இது. ஆகவே மேசை கிரெடிட் ஒன்றின் விலை சுமார் 61 டாலர்.

கவுன்ட்டரில் ஒரு முதன்மை உணவு 15 டாலர், குளிர்பானம் 5 டாலர் என்று வைத்துக்கொண்டால், 6.5 விழுக்காட்டு விற்பனை வரி சேர்த்து 21.30 ஆகிறது. 23.50 கொடுத்து இதை வாங்குபவர் ஒவ்வொரு வேளையும் இரண்டு டாலருக்கு மேல் இழக்கிறார். குளிர்பானத்தின் இடத்தில் பீர் வந்தால் நிலைமை தலைகீழாகிறது. மேசை உணவில் கார்ட்டூன் பாத்திரங்கள் வந்து கைகுலுக்கும் பஃபேக்கள் 61 டாலரை எட்டும், சில தாண்டும். சாதாரண உணவகங்களில் இனிப்பும் மதுவும் சேர்த்தால்தான் நெருங்க முடியும்.

*4.2 சிறுவர்*

அதே கழித்தலைச் சிறுவர் விலையில் செய்தால் கிடைக்கும் விடை வியப்பளிக்கிறது. 23.83இலிருந்து பத்தைக் கழித்துப் பாதியாக்கினால் கவுன்ட்டர் உணவு ஒன்றுக்கு 7 டாலருக்கும் குறைவு. இரு திட்டங்களின் வேறுபாடு 5.86 டாலர் மட்டுமே. அதாவது பிள்ளையின் மேசை கிரெடிட் சுமார் 13 டாலருக்குக் கிடைக்கிறது. பாத்திரங்கள் வரும் பஃபேயில் சிறுவர் கட்டணமே 30 டாலருக்கு மேல்.

ஆகத் திட்டத்தின் ஆதாயம் பெரும்பாலும் பிள்ளைகளின் பக்கமே இருக்கிறது. அறையில் எல்லோரும் வாங்க வேண்டும் என்ற விதி ஏன் இத்தனை கண்டிப்பானது என்பது இங்கே விளங்கும். பிள்ளையின் 29.69 டாலர் பெற்றோரை உள்ளே இழுக்கும் கயிறு. லாபம் பெற்றோரின் 94.28இல் இருக்கிறது.

*4.3 இரண்டு கிரெடிட் கேட்கும் இடங்கள்*

சில உணவகங்கள் ஒருவருக்கு இரண்டு மேசை கிரெடிட்டுகளை எடுத்துக்கொள்ளும். மேஜிக் கிங்டம் பூங்காவின் கோட்டைக்குள் உள்ள சின்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள் அவற்றில் ஒன்று. பெரியவருக்கு இரண்டு கிரெடிட் என்றால் 122 டாலர். 2024இல் அங்கே ஒருவருக்கான நிலைக்கட்டணம் 100 டாலருக்குக் கீழ்தான் இருந்தது. கோட்டையில் உண்ண ஆசைப்படுபவர் கையிலிருந்து பணம் கொடுத்து உண்பதே மலிவு. பிள்ளைக்கு மட்டும் 26 டாலரில் கோட்டை விருந்து இன்னும் ஆதாயமே.

5. எதனோடு ஒப்பிடுவது?

*5.1 மூன்று தொகைகள்*

இந்த ஆய்வின் மையம் இப்பகுதி. மூன்று தொகைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

திட்டத்துக்குக் கட்டும் தொகையைக் கட்டணம் என்போம். திட்டத்தைக் கொண்டு உண்டவற்றின் மெனு விலையை மெனுத்தொகை என்போம். திட்டமே இல்லாமல் போயிருந்தால் அதே குடும்பம் தன் வழக்கப்படி செலவழித்திருக்கும் தொகையை இயல்புச் செலவு என்போம்.

ஊரெங்கும் போடப்படும் கணக்கு மெனுத்தொகையிலிருந்து கட்டணத்தைக் கழிப்பது. சரியான கணக்கு இயல்புச் செலவிலிருந்து கட்டணத்தைக் கழிப்பது. திட்டம் கைக்கு வந்ததுமே நாம் உண்பது மாறிவிடுகிறது. தண்ணீர் கேட்டிருப்பவர் ஜூஸ் கேட்கிறார். இனிப்பு வேண்டாதவர் ‘இதிலேயே அடங்கியதுதானே’ என்கிறார். அவ்வாறு கூடிய உணவின் முழு விலையையும் சேமிப்பில் வரவு வைப்பது, வாங்க எண்ணாத சேலையைத் தள்ளுபடியில் வாங்கிவிட்டுத் தள்ளுபடித் தொகையை லாபம் என்று எழுதுவதற்கு ஒப்பானது.

*5.2 ஒரே குடும்பம், இரண்டு விடைகள்*

பெற்றோர் இருவர், ஏழு வயதுப் பிள்ளை ஒன்று, ஐந்து இரவுகள். பொதுத் திட்டத்தின் கட்டணம் இரவுக்கு 218.25, மொத்தம் 1,091.25 டாலர்.

பாத்திரங்கள் வரும் பஃபே பெரியவருக்கு 65, பிள்ளைக்கு 42. கவுன்ட்டர் உணவு 20, பிள்ளைக்கு 9. நொறுக்குத் தீனி ஆளுக்கு 6 என்று வைத்துக்கொள்வோம். திட்டம் வாங்கிவிட்டதால் ஐந்து நாளும் பஃபே உண்கிறார்கள். வரி சேர்த்து ஒரு நாள் மெனுத்தொகை 254.54, ஐந்து நாளைக்கு 1,272.68. கட்டணத்தைக் கழித்தால் 181 டாலர் லாபம் என்று வீடு திரும்பிச் சொல்வார்கள்.

திட்டம் இல்லாதிருந்தால் இதே குடும்பம் பிள்ளைக்காக இரண்டு நாள் பஃபேக்குப் போய், மற்ற மூன்று நாளும் இரு வேளை கவுன்ட்டரில் உண்டிருக்கும் என்று கொள்வோம். இயல்புச் செலவு 879.69 டாலர். கட்டணத்தோடு ஒப்பிட்டால் 211.56 டாலர் நட்டம். டிப்ஸும் உண்டு. ஒரு பஃபேயின் வரியில்லா விலை 172; அதில் 18 விழுக்காடு 30.96. இரண்டு பஃபேக்குப் பதில் ஐந்து என்பதால் 92.88 டாலர் கூடுதல் டிப்ஸ். மொத்த வேறுபாடு 304.44.

குடும்பமும் உணவும் மாறவில்லை. ஒரு கணக்கில் 181 லாபம், இன்னொன்றில் 304 நட்டம். பிரித்துப் பார்த்தால் பிள்ளையின் பங்கில் கட்டணம் இயல்புச் செலவைவிட 49.64 டாலர் குறைவு. பெற்றோர் இருவரின் பங்கில் 261.20 டாலர் அதிகம்.

*5.3 நட்டம் என்றால் வீண் என்று பொருளா?*

இல்லை. அந்த 304 டாலருக்கு மூன்று பஃபேக்கள் கூடுதலாகக் கிடைத்தன. இப்போது கேள்வி தெளிவாகிறது: ‘மூன்று முறை கூடுதலாக மிக்கியோடு உட்கார்ந்து உண்பது நமக்கு 304 டாலர் பெறுமா?’ சிலருக்குப் பெறும். அவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் அதைச் சேமிப்பு என்று எண்ணி வாங்கக் கூடாது. ஆடம்பரம் என்று அறிந்து வாங்க வேண்டும். தினமும் பஃபேயில்தான் உண்போம் என்று முன்பே உறுதியாக இருந்த குடும்பத்துக்கு மட்டும் மெனுத்தொகையும் இயல்புச் செலவும் ஒன்றாகின்றன. அவர்களுக்கு அந்த 181 டாலர் உண்மையான லாபம்.

6. உண்பவருக்கேற்ப மாறும் மதிப்பு

*6.1 சைவமும் மது அருந்தாமையும்*

கிரெடிட்டுக்கு ஒரே விலைதான். மாட்டிறைச்சி ஸ்டேக் கேட்டாலும் காய்கறி பாஸ்தா கேட்டாலும் ஒன்று கழியும். மெனுவில் சைவ உணவு பெரும்பாலும் மலிவு. ஆகவே சைவர் தம் கிரெடிட்டால் அசைவருக்குக் கட்டணம் கட்டுகிறார் எனலாம். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கு இது நேரடிச் செய்தி.

மது அருந்தாத சைவர் ஒருவர் கவுன்ட்டரில் 13 டாலர் உணவு, மேசையில் 24 டாலர் உணவு, நொறுக்குத் தீனி 6 டாலர் என்று உண்டால் வரி சேர்த்து 45.80. கட்டணம் 94.28, பாதிக்கு மேல் வீண். இனிப்பும் ஜூஸும் சேர்த்தாலும் 63.90ஐத் தாண்டாது. டிஸ்னி கவுன்ட்டர்களில் குடிநீர் இலவசம் என்பதும், கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் தவிர்த்துச் சொந்த உணவைப் பூங்காவுக்குள் எடுத்துச் செல்ல அனுமதி உண்டு என்பதும் இயல்புச் செலவை இன்னும் குறைக்கும். காலையில் அறையிலேயே ரொட்டியும் பழமும், கையில் புளியோதரை என்று கிளம்பும் குடும்பத்துக்கு இந்தத் திட்டத்தால் பயனில்லை.

*6.2 மது அருந்துவோர்*

குயிக் சர்வீஸ் திட்டத்தில் இரண்டு வேளையும் 11 டாலர் பீரோடு உண்பவரின் மெனுத்தொகை, மேற்சொன்ன விலைகளின்படி 61.77, கட்டணம் 57.01. குவளையின் பயனும் சேர்ந்தால் ஆதாயம். இங்கும் அதே சோதனை உண்டு: திட்டம் இல்லாவிட்டாலும் அவர் நாளைக்கு இரண்டு பீர் குடித்திருப்பாரா? ‘ஆம்’ என்றால் வாங்கலாம்.

*6.3 வயது எல்லைகள்*

மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை. பெற்றோரின் தட்டிலிருந்து உண்ணலாம். பத்து வயது நிரம்பிய பிள்ளை பெரியவராகக் கணக்கிடப்படுகிறது: நேற்று 29.69, பிறந்தநாள் கழிந்ததும் 94.28. ஆனால் மதுவும் கிடையாது, பெரியவர் அளவு உண்பதும் அரிது. 10 முதல் 20 வயதுப் பிள்ளைகள் நிறைந்த குடும்பமே இத்திட்டத்தில் அதிகம் இழக்கும்.

7. பணத்துக்கு அப்பாற்பட்டவை

*7.1 முன்பே கட்டிய நிம்மதி*

டிராசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், துவைக்கும் இயந்திரம் வாங்குவோர் பயன்படுத்தத் தொடங்கியபின் தவணையில் கட்டவும், விடுமுறை செல்வோர் முன்கூட்டியே கட்டவும் விரும்பியதைக் கண்டனர். கட்டி முடித்த விடுமுறையில் ஒவ்வொரு கவளத்திலும் பணம் கொடுக்கும் வலி கலப்பதில்லை. இது உண்மையான பயன். ஒவ்வொரு மெனுவையும் வலப்பக்கத்திலிருந்து படிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்த நிம்மதிக்கு நல்ல மதிப்புண்டு. அதற்கு ஒரு தொகையை வெளிப்படையாகக் குறித்துக்கொள்வதே நேர்மையான வழி.

அதே நிம்மதியை மலிவாகவும் பெறலாம். உணவுக்கென ஒரு தொகையைப் பரிசு அட்டையில் முன்பே ஏற்றிவைத்தால் பணம் கட்டியாயிற்று என்ற உணர்வு கிடைக்கும். மிஞ்சினால் நள்ளிரவில் காலாவதியாகாது.

*7.2 கட்டியதைத் தீர்க்கும் கட்டாயம்*

மறுபக்கமும் உண்டு. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் இருவரும் 1985இல் வெளியிட்ட சோதனையில், பருவச் சீட்டுக்கு முழு விலை கொடுத்தவர்கள் தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தனர். பருவத்தின் முதல் பாதியில் இந்த வேறுபாடு தெளிவாக இருந்தது. திரும்பி வராத பணம் நடத்தையை ஆள்கிறது. உணவுத் திட்டத்தில் இது பசியில்லாத இனிப்பாகவும், கடைசி நாள் மாலையில் எஞ்சிய கிரெடிட்டுகளைத் தீர்க்கப் பை நிறையப் பொட்டலத் தின்பண்டம் வாங்குவதாகவும் வெளிப்படுகிறது.

எதிர்காலப் பயன்பாட்டை நாம் மிகையாக எண்ணுவதும் நிறுவப்பட்ட ஒன்று. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மென்டியர் இருவரும் 2006இல் வெளியிட்ட கட்டுரையில் அமெரிக்க உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்களை ஆராய்ந்தனர். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறையே வந்தனர். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆயிற்று. பத்துமுறைச் சீட்டு வாங்கியிருந்தால் 10 டாலரில் முடிந்திருக்கும்.

*7.3 நேரம்*

மேசை உணவு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. போய்வரும் நேரம் தனி. நல்ல உணவகங்களுக்கு 60 நாள் முன்பே இடம் பதிவு செய்ய வேண்டும். ஐந்து மேசை கிரெடிட் என்றால், பிள்ளை எந்தச் சவாரியில் நிற்க ஆசைப்படும் என்று தெரியாத ஐந்து நாளின் ஐந்து நேரங்கள் இரண்டு மாதம் முன்பே பூட்டப்படுகின்றன. பதிவு கிடைக்காமல் போனாலோ, கையில் இருப்பது செலவழிக்க வழியில்லாத கிரெடிட்.

8. ‘இலவச உணவு’ச் சலுகை

பள்ளிகள் திறந்து கூட்டம் குறையும் வாரங்களில் அறைகளை நிரப்ப, திட்டம் அறிமுகமான 2005லேயே ‘இலவச உணவு’ என்ற சலுகையும் வந்தது. இத்தகைய சலுகைகளுக்குப் பொதுவான நிபந்தனை, அறையை முழு விலையில் எடுக்க வேண்டும் என்பது. அதே நாட்களில் அறைக்குத் தனியாகத் தள்ளுபடி இருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது.

ஆகவே இலவச உணவின் விலை, கைவிடும் அறைத் தள்ளுபடி. இரவுக்கு 450 டாலர் அறையில் 25 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும் என்றால் உணவின் விலை 112.50. பெரியவர் இருவரும் பிள்ளைகள் இருவரும் உள்ள குடும்பம் இயல்பாகவே அதைவிட அதிகத் தொகைக்கு உண்ணும், வாங்கலாம். தனியாகப் போகும் இருவர், விலை உயர்ந்த அறையில் தங்குபவர்கள் என்றால் தள்ளுபடியே மேல். அறையின் விலை கூடக் கூடத் தள்ளுபடி வெல்லும்; தலைகள் கூடக் கூட உணவு வெல்லும்.

9. தீர்மானிக்கும் முறை

மேற்கண்டவற்றைச் செயல்முறையாக இவ்வாறு தொகுக்கலாம்.

(1) திட்டத்தின் விலையைப் பார்ப்பதற்கு முன்பே, உங்கள் குடும்பம் விடுமுறையில் வழக்கமாக எப்படி உண்கிறது என்பதை நாள்வாரியாக எழுதுங்கள். விலையைப் பார்த்தபின் எழுதினால் ஆசை பட்டியலை நீட்டும்.

(2) அந்தப் பட்டியலுக்கு டிஸ்னி உணவகங்களின் மெனு விலையை இட்டு, 6.5 விழுக்காடு வரி சேர்த்து இயல்புச் செலவைக் காணுங்கள். வெளியிலிருந்து கொண்டுபோகும் உணவையும் குடிநீரையும் உள்ளபடி கணக்கில் எடுங்கள்.

(3) கட்டணத்தை அறையிலுள்ள எல்லோருக்கும் எல்லா இரவுகளுக்கும் பெருக்குங்கள். திட்டத்தால் கூடும் டிப்ஸைச் சேருங்கள்.

(4) இயல்புச் செலவு கூடுதல் என்றால் வாங்குங்கள். குறைவு என்றால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதி, கூடுதலாகக் கிடைக்கும் உணவும் நிம்மதியும் அந்தத் தொகை பெறுமா என்று கேளுங்கள்.

(5) இரண்டு கிரெடிட் கேட்கும் உணவகங்கள் உங்கள் பட்டியலில் இருந்தால், அவற்றைப் பணம் கொடுத்து உண்பதாகவே கணக்கிடுங்கள்.

(6) மேசை உணவகங்களில் இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லாவிட்டால் பொதுத் திட்டத்தைத் தவிருங்கள்.

10. முடிவுரை

3 முதல் 9 வயதுப் பிள்ளைகள் இருவரோ மூவரோ உள்ள, நாள்தோறும் பாத்திரங்களோடு பஃபே உண்ண எப்படியும் எண்ணியிருக்கும் குடும்பத்துக்குப் பொதுத் திட்டம் ஆதாயம். ஒவ்வொரு வேளையும் மதுவோடு கவுன்ட்டரில் உண்ணும் பெரியவர்களுக்குக் குயிக் சர்வீஸ் திட்டம் சிறு ஆதாயம். சைவர், மது அருந்தாதோர், பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோர், கோட்டை விருந்தை நாடுவோர் ஆகியோருக்கு நட்டம். பெரியவர் விலை பெரும்பாலோரின் இயல்புச் செலவுக்கு மேலும், சிறுவர் விலை அதற்குக் கீழும் வைக்கப்பட்டு, அறைவிதியால் இரண்டும் பிணைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம்.

மற்ற விடுதிகளின் எம்.ஏ.பி., ஏ.பி. தொகுப்புகளுக்கும் முழுக்கட்டண விடுதிகளுக்கும் எண்கள் வேறுபடும், சோதனை ஒன்றே. விற்பவர் எப்போதும் மெனுத்தொகையையே காட்டுவார், ஏனெனில் அது அவர் கையில் உள்ள எண். இயல்புச் செலவு வாங்குபவருக்கு மட்டுமே தெரிந்த எண். அதை எழுதிக்கொள்ளாமல் பணம் கட்டுபவர், தமக்குச் சாதகமான ஒரே சான்றை வீட்டில் விட்டுவிட்டுப் பேரம் பேசப் போகிறார்.